ஐம்பத்தேழு பேர் உள்ள தெரு

மார்ச் 3

சின்னவளுக்கு,

காலையில் கூப்பிட்டேன். நீ மீட்டிங்கில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் நடுவில் தகட்டில் துளை போடுகிற பிரஸ் சத்தம் வரும், நீ "என்னது, என்னது" என்பாய், எனக்குக் கோபம் வரும்.

வட்டார வளர்ச்சித் திட்டத்தின் வரைவை நகராட்சிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். முதலில் பார்த்தவர் லேத் பட்டறைக்காரர். ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றைத் தலையிலும் வைத்துக்கொண்டு திரிவாரே, அவர்தான். மூச்சு வாங்க ஓடிவந்து, "அம்மா, நம்ம தெருவுக்கு மஞ்சள் அடிச்சுட்டாங்க" என்றார். "பெயின்ட் அடிக்கிறாங்களா? நல்லதாப் போச்சு, பத்து வருஷமா கேட்டுட்டு இருக்கோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். தொழில் நிலம் ஊதா, குடியிருப்பு மஞ்சள் என்று ஓரத்தில் போட்டிருக்கிறது. நம் தெரு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மஞ்சள். பக்கத்தில் ஒரு அட்டவணை. ஷெட்டுகள் 41. இயங்குபவை 16. வேலை செய்வோர் 57. "பயன்பாடு குறைந்த தொழில் நிலம்; விடுவிக்கப் பரிந்துரை."

ஐம்பத்தேழு! என் ஷெட்டையும் முலாம் பட்டறையையும் லேத்தையும் சேர்த்தாலே அது தாண்டிவிடும்.

இது எப்படி ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "புதன்கிழமை ஆள் எண்ண வர்றாங்க அக்கா" என்றாய். நான் தெருவில் சொன்னேன். அதிகாரி வருகிறார் என்றால் இந்தத் தெருவில் ஒரே மருந்துதான். தீயணைப்பு, மாசு, தொழிலாளர் நலம், யாராக இருந்தாலும் சரி. பிரஸ்ஸை நிறுத்து, ஷட்டரைப் பாதி இறக்கு, முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பு. ஆள் கூடினால் சட்டம் கூடும் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொன்னது எல்லார் மண்டையிலும் ஏறிக் கிடக்கிறது. அன்றும் அதையே செய்தோம்.

உங்கள் நகரமைப்பு ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் டேப்லெட்டோடு வந்தார்கள். என் ஷெட்டில் நான் மேசை முன்னால் உட்கார்ந்து கதவுக் கீல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எத்தனை பேரும்மா வேலை பார்க்கிறாங்க?" "மூணு பேர் சார்." அவர் தலைக்கு மேலே ஆணிகளில் பத்தொன்பது மேலங்கி தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். நாற்பது நிமிஷத்தில் தெருவை முடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆக, தப்பு எங்களுடையது. உனக்குத் தெரியாத தெருவா இது? படம் போடுகிற இடத்திலேயே நீ இருக்கிறாய். ஊதாவாக மாற்றிவிடு. வேறென்ன, உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். எல்லாரும் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அன்றைக்குச் சொன்னேன். ஷட்டரை இறக்குவீர்கள் என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

"மாற்றிவிடு" என்று எழுதியிருக்கிறாய். அது பென்சில் கோடு இல்லை அக்கா. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடத்தில் எண்ணூறு ஏக்கரில் புதிய தொழிற்பூங்கா வருகிறது. கம்ப்ரஸர் தயாரிக்கிற ஒரு பெரிய நிறுவனம் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டது. அதையொட்டி இன்னும் ஐந்தாறு நிறுவனங்கள் வரும். ஆறாயிரம் வேலை. ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் நம் பஸ் நிலையத்தில் பெட்டியும் கையுமாக நிற்கிறார்களே, இருபது இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள், அவர்களை நான் ஒரு ஞாயிறு நின்று எண்ணினேன். ஒரு சாயங்காலத்தில் முந்நூற்றுப் பதினோரு பேர். திங்கட்கிழமை அவர்கள் எங்கேயோ வேறு ஊரில் எழுந்திருப்பார்கள். இந்தத் திட்டத்தை நான் எழுதியது அவர்களுக்காக.

விதி இதுதான்: வயலைத் தொழில் நிலமாக மாற்ற வேண்டுமென்றால், ஏற்கனவே உள்ள தொழில் நிலம் வீணாகக் கிடக்கவில்லை என்று காட்ட வேண்டும். வீணாகக் கிடப்பதை விடுவித்தால்தான் புதியதைத் திறக்க முடியும். உங்கள் தெரு ஒன்று மட்டும் இல்லை, ஏழு இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இது வரைவுதான். ஆட்சேபம் சொல்ல அறுபது நாள் இருக்கிறது. தெருச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள். மே மாதம் ஆணையர் நேரில் விசாரிப்பார். இன்னொன்று, தெருவில் இருக்கிறவர்களுக்குப் பூங்காவில் முன்னுரிமை உண்டு. குறைந்தபட்ச மனை அரை ஏக்கர். யோசித்துப் பார்.

அன்புடன்
சின்னவள்

---

மார்ச் 17

சின்னவளுக்கு,

அரை ஏக்கர் என்றாய். என் ஷெட் எத்தனை அடி என்று ஞாபகம் இருக்கிறதா? பதினெட்டுக்கு நாற்பது. அரை ஏக்கரில் நான் என்ன செய்வது, நடுவில் நின்று கூவினால் எதிரொலி கேட்கும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கதவுக் கீல் எப்படி ஆகிறது என்று உன் பூங்கா படத்தில் எங்கேயாவது இருக்கிறதா? தகடு வெட்டுவது முதல் ஷெட்டில். அதைத் தலையில் வைத்து எதிர் ஷெட்டுக்குக் கொண்டுபோய் மடிப்பார்கள். துளை போடுவது என்னிடம். ஆணி உருட்டுவது லேத்தில். அப்புறம் முலாம். கடைசியில் பெட்டியில் அடுக்குவது முனைவீட்டு அம்மா. ஒரு கீல் ஆறு ஷெட் ஏறி இறங்குகிறது. இதில் யாரிடமும் முழுக் கீல் செய்கிற மெஷின் இல்லை. துளை போடுகிற அச்சு, டை, உடைந்தால் நான் கத்துவேன், லேத்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே "பத்து நிமிஷம்மா" என்பார். இப்போது ஆறு பேரையும் ஆறு அரை ஏக்கரில் வை. லாரி பிடித்துத்தான் துளை போட வேண்டும்.

தெருவில் மாடி வீடுகள் வந்தால் ஷெட்டுகளும் இருக்கட்டுமே என்று நகராட்சியில் ஒருவர் சொன்னார். முலாம் பட்டறைக்காரர் கேட்டார்: "சார், குழந்தை தூங்குற வீட்டுக்குப் பக்கத்துல ஆசிட் தொட்டி வைக்க விடுவீங்களா?" அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். அதுதான் பதில்.

ஒரு வேலை செய்தேன். மேஸ்திரிகளையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் ஷெட் ஷெட்டாகப் போய் எண்ணினேன். பகுதி நேரம் வருகிறவர்களைச் சேர்க்காமலே நானூற்று முப்பத்தெட்டு. பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன். பதினேழு வயசில் என் ஷெட் மூலையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவளுக்கு இது புதுச் செய்தி இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல். அந்த 57 உன் மேசைக்கு வந்தபோது நீ என்ன நினைத்தாய்?

அக்கா

---

மார்ச் 26

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை.

எனக்கு எது தெரியும் என்பதை வைத்து நான் படம் போட முடியாது. எண்ணி வந்ததை வைத்துத்தான் போட முடியும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அதிகாரியும் தன் சொந்தக்காரர்கள் இருக்கிற தெருவுக்கு ஒரு எண்ணை எழுதிக்கொள்வார். உன் 438 ஐ ஆட்சேபத்தோடு இணைத்துக் கொடு. அதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் வரட்டும்.

கேட்டதற்குப் பதில் இது இல்லை என்று சொல்வாய். இப்போதைக்கு இவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது.

சின்னவள்

---

ஏப்ரல் 8

சின்னவளுக்கு,

உன்னால் எழுத முடியாததை நான் படித்துவிட்டேன்.

வரைவுக்கான கோப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று போர்டில் போட்டிருந்தது. வட்டார அலுவலகத்துக்கு நானும் சங்கத் தலைவரும் போனோம். "இதுல என்னம்மா பார்க்கப் போறீங்க, ஆறு கிலோ இருக்கு" என்றார் எழுத்தர். "நாங்க இரும்புக்காரங்க தம்பி, எங்களுக்கு ஆறு கிலோ தூசு" என்றார் தலைவர். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். டைப் அடித்தது இல்லை, பச்சை மையில் கையெழுத்து. "இப்பகுதியின் எண்ணிக்கை நம்பத்தகுந்ததாக இல்லை. ஆய்வு வருவதறிந்து மூடும் வழக்கம் இங்கு உண்டு. உண்மை எண்ணிக்கை நானூறுக்குக் குறையாது. மறு எண்ணிக்கைக்குப் பரிந்துரைக்கிறேன்." தேதி டிசம்பர் 2. குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அதே பச்சை மை: "மேற்கண்டது திரும்பப் பெறப்படுகிறது. எண்ணிக்கை ஏற்கப்பட்டது." டிசம்பர் 9. உன் சுருக்கொப்பம்.

"யார் எழுத்தும்மா இது? நம்ம தெருவைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சிருக்கே!" என்று தலைவர் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். நீ எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். நீ பார்த்தாய். எழுதினாய். ஏழு நாள் வைத்திருந்தாய். அப்புறம் உன் கையாலேயே அடித்தாய். அதன் பிறகு என்னிடம் "ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் வரட்டும்" என்று எழுதுகிறாய். ஜனவரியில் இங்கே வந்து நாலு நாள் இருந்தாயே. லேத்காரரிடம் அவர் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தாய். என் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்தாய். உனக்கு அப்போதே தெரியும்.



அக்கா

---

ஏப்ரல் 15

அக்கா,

ஆமாம், தெரியும்.

57 ஐப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. "அடப்பாவிங்களா" என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு அந்தக் குறிப்பை எழுதினேன். எங்கள் இயக்குநர் கூப்பிட்டார். ஒரு இடத்தில் மறுபடி எண்ணினால் ஏழு இடத்திலும் எண்ண வேண்டும், இந்த ஆண்டு ஒப்புதல் போய்விடும், கம்ப்ரஸர் நிறுவனம் ஜூன் வரைதான் காத்திருக்கும் என்றார். மிரட்டவில்லை. "நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏழு நாள் யோசித்தேன். ஒரு பக்கம் நானூறு பேர், ஒரு பக்கம் ஆறாயிரம். எனக்கே நான் சொல்லிக்கொண்டது இது: நானூறு பேரும் தங்களை இல்லை என்று தாங்களே சொல்லிவிட்டார்கள், நான் பொய் எதுவும் எழுதவில்லை, அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்த அன்று நன்றாகத் தூங்கினேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது அது எவ்வளவு மோசமான வாக்கியம் என்று தெரிகிறது. ஜனவரியில் வந்தது சொல்லிவிடலாம் என்றுதான். நாலு நாளும் வாய் திறக்கவில்லை. டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பூங்கா வேண்டும் என்பதில் இன்னும் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு விலையாக உன்னைக் கொடுத்தேன் என்பதிலும் சந்தேகம் இல்லை. இரண்டையும் சேர்த்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இப்போது கேட்கப் போவதைக் கேட்க எனக்கு முகமில்லை. சங்கத்தின் ஆட்சேப மனு நகல் இங்கே வந்திருக்கிறது. மூன்றாம் பத்தியில், "ஆய்வு நடக்கும் நாள் எங்களுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டதால்" என்று ஒரு வரி. அதை எடுத்துவிடு. முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது கணக்கெடுப்பின் முதல் விதி. யார் சொன்னது என்று ஆணையர் கேட்பார். சொன்ன அதிகாரிக்கு அத்தோடு முடிந்தது. மற்றபடி என்ன வேண்டுமானாலும் எழுது. என் குறிப்பைக்கூடக் காட்டு, அதற்கு ஒரு கண்டனக் கடிதம்தான் வரும். அந்தப் போன் அழைப்பை மட்டும் விட்டுவிடு. உன் நல்லதுக்குத்தான் அன்றைக்குப் பேசினேன்.

சின்னவள்

---

ஏப்ரல் 22

வரியை எடுத்துவிட்டோம். திருத்திய மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. நீ நிம்மதியாக இரு.

அக்கா

---

மே 20

அக்காவுக்கு,

விசாரணை முடிந்து எட்டு நாள் ஆகிறது. நீ எழுதுவாய் என்று பார்த்தேன். எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று ஒருவராவது உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ வரும்போது என்னைப் பார்த்தாய், பிறகு பார்க்கவில்லை. சாம்பல் நிறப் புடவை. உன்னோடு ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார், அது எனக்குத் தெரியாது. அவர் பெரிய குரலில் எதுவும் பேசவில்லை. உன் 438 பெயர்களைக் கொடுத்தார். அது கணக்கெடுப்பு முடிந்த பிறகு ஷெட் முதலாளிகளே எடுத்த கணக்கு, ஏற்க முடியாது என்று ஆணையர் தள்ளினார். வழக்கறிஞர் பச்சை மைக் குறிப்பைக் காட்டினார். திரும்பப் பெற்ற குறிப்பு குறிப்பே அல்ல என்று ஆணையர் அதையும் தள்ளினார். நான் உள்ளுக்குள் மூச்சு விட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிம்மதிக்காக வெட்கப்படுகிறேன், ஆனால் அது இருந்தது.

அப்புறம் வழக்கறிஞர் உன்னை எழுப்பினார். "அன்னைக்கு ஏன்மா மூடினீங்க?"

"அதிகாரிங்க வராங்கன்னு சொன்னாங்க, அதனால மூடினோம்."

"யார் சொன்னது?"

நீ என் பதவியைச் சொன்னாய். பெயரைக்கூடச் சொல்லவில்லை. "நகரமைப்பு உதவி இயக்குநர் அம்மா போன்ல சொன்னாங்க."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அடுத்துக் கேட்ட கேள்வி எதற்கு என்று உனக்கு வழக்கறிஞர் முன்பே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். விதிப்படி, சொந்தக்காரியிடம் வீட்டில் பேசியது வெறும் பேச்சு. அதைக் கேட்டு மூடியது உங்கள் பாடு. அதிகாரி ஒருவர் தெருவுக்குச் சொன்னது அறிவிப்பு. அதோடு கணக்கெடுப்பே செல்லாது.

"அவங்க உங்களுக்கு உறவாம்மா?"

நீ யோசிக்கவே இல்லை. "இல்லைங்க. ஆபீஸ்லேர்ந்து சொல்ற மாதிரிதான் சொன்னாங்க."

நாற்பத்து நாலு வருஷம், அக்கா. நீ கொஞ்சம் தயங்கியிருக்கலாம். ஒரு எச்சில் விழுங்குகிற நேரம்.

ஆணையர் என் பக்கம் திரும்பினார். "இது உண்மையா? இந்த அம்மா உங்களுக்கு உறவு இல்லையா?" இயக்குநர் என்னைப் பார்த்து, உண்மையைச் சொல்லிவிடு என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். அவருக்கு நாம் யார் என்று தெரியும். நான் "என் கூடப்பிறந்த அக்கா சார்" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் உன் சாட்சி அங்கேயே விழுந்திருக்கும். எனக்கு ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். பொய் சொன்னதாக உன் மேல் வேறு நடவடிக்கை வந்திருக்கும். தெரு மஞ்சளாகவே இருந்திருக்கும். பூங்கா வந்திருக்கும். வரிசையாக எல்லாம் தெரிந்தது. திட்டம் போடுகிறவளுக்கு அந்த ஒரு திறமை உண்டு.

"இல்லை சார், உறவு இல்லை. நான்தான் தெரிவித்தேன்" என்றேன்.

உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கோப்பில் முதல் பொய் என்னுடையது, அது எனக்குத் தெரியும். அடுத்த பொய்யைத் தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. இதைத் தியாகம் என்று தெருவில் யாராவது சொன்னால் தயவுசெய்து திருத்து.

நீ செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ முறை முயன்று பார்த்தேன். நீ 438 பேரைக் காப்பாற்றினாய். நானும் 6000 என்று சொல்லித்தான் செய்தேன். கணக்கு ஒன்றுதான். ஆனால் நான் உனக்குச் செய்தபோது உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. நீ எனக்குச் செய்தபோது "நிம்மதியாக இரு" என்று எழுதி அனுப்பினாய். அந்த அஞ்சலட்டையை விசாரணை நாள் வரை கைப்பையில் வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் படிப்பேன். "அக்கா எடுத்துட்டாங்க" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வழக்கறிஞரை எப்போது பார்த்தாய்? அதை எழுதுவதற்கு முன்னாலா, பின்னாலா? இதற்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம். முன்னால் என்று சொன்னால் தாங்க மாட்டேன், பின்னால் என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன், செய்தித்தாளில் பாதிதான் வரும். கணக்கெடுப்பு ரத்து. ஏழு இடங்களிலும் வேறொரு அலுவலகம் மறுபடி எண்ணும், தேதி யாருக்கும் தெரியாது. அதுவரை உங்கள் தெரு ஊதா. கம்ப்ரஸர் நிறுவனம் நேற்றுக் கடிதம் அனுப்பிவிட்டது, வேறு வட்டாரத்துக்குப் போகிறார்கள். பூங்கா நிலத்தில் நட்ட கம்பங்களைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஞாயிறும் பஸ் நிலையம் போனேன். எண்ணவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு படி கீழே இறக்கி, நில ஆவணக் காப்பகத்தில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை. பழைய படங்களைப் பிரித்து, தூசு தட்டி, எண் போட்டு அடுக்குகிற வேலை. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, பேச்சும் குறைவு. எனக்கு அது பிடித்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது. உடனே பதில் வரும் என்று எதிர்பார்க்காதே. முகவரி பின்பக்கம் இருக்கிறது. உறையின் மேல் என் பதவியை எழுதாதே, அந்த நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார், கடிதம் அவரிடம் போய்விடும். அனுப்புநர் இடத்தில் உன் பெயரை மட்டும் போடு. உறவு என்ன என்று இங்கே யாராவது கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை உள்ளே எழுதி அனுப்பு.

சின்னவள்